தெற்கு வரிசைக் கற்கள்

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் என் இரண்டு பாதங்களும் வெளியே வந்தன என்று அம்மா சொல்வாள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் கடலூர் முதுநகரில் எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் யாருக்காவது கழுத்து திரும்பவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது என்றால், பொழுது விடிகிற நேரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிடுவார்கள்.

மூன்று நாள் மிதிக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வர வேண்டும். இடது காலால்தான் மிதிக்க வேண்டும். இடுப்பு என்றால் குப்புறப் படுப்பார்கள். மணிக்கட்டு என்றால் ஒரு செங்கல்மேல் கையை வைப்பார்கள். நான் கால் கட்டைவிரலில் விளக்கெண்ணெய் தொட்டு மேலிருந்து கீழாக இழுப்பேன். அந்த மூன்று நாளும் வலிக்கிற இடத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது. இதை மட்டும் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள்.

எனக்குக் கூச்சம் அதிகம். கடைக்குப் போனால் எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் வாங்கிக்கொண்டு போகும்வரை வாயைத் திறக்க மாட்டேன். மூத்த பெண்களின் முதுகில் கால் வைப்பது முதலில் மிகவும் கஷ்டமாக இருந்தது. கிணற்று ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே மிதிப்பேன். ஆனால் குப்புறப் படுத்திருப்பவர்கள் நன்றாகப் பேசுவார்கள் என்று போகப் போகத் தெரிந்தது. முகம் தரையைப் பார்த்திருப்பதால் மேலே நிற்பது யார் என்பதே அவர்களுக்கு மறந்துவிடும். எப்போது பிடித்தது, எந்த வேலையில் பிடித்தது, வீட்டில் யாரிடம் சொல்லவில்லை என்பதெல்லாம் தானாக வரும். நான் "ம்" என்றால் போதும்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. விஞ்ஞான நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள் மிச்சம் இருந்தது. அதில் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். என் கால் உண்மையிலேயே ஏதாவது செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். வந்த தேதி, பேர், எந்த இடத்தில் வலி, எந்தப் பக்கம், என்ன வேலை செய்கிறவள், மூன்று நாள் ஓய்வு எடுத்தாளா, மறுபடி வந்தாளா. நோட்டை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வறட்டி அடுக்குக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

ஒருமுறை யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். பத்துப் பேரை முறைப்படி இடது காலால் மிதித்தேன். அடுத்து வந்த பத்துப் பேரை வலது காலால் மிதித்தேன். குப்புறப் படுத்திருப்பவளுக்கு எந்தக் கால் என்று எப்படித் தெரியும்? இரண்டு பத்திலும் ஏழு ஏழு பேருக்குச் சரியாகிவிட்டது. சரியான பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் சொன்னபடி மூன்று நாள் ஓய்வு எடுத்தவர்கள். சரியாகாத ஆறு பேரில் ஒருத்திகூட ஓய்வு எடுக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு என் இரண்டு கால்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் மிதிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாரும் வர மாட்டார்கள். வராவிட்டால் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முந்திரிக் கொட்டகைப் பெண்கள். அம்மாவும் அங்கேதான் வேலை செய்தாள். வறுத்த கொட்டையைக் கல்மேல் வைத்து, கட்டையால் ஒரு தட்டுத் தட்டி, ஓடு பிளந்து பருப்பு முழுசாக வரும்படி எடுக்க வேண்டும். ஓட்டின் பால் பட்டுக் கை வெந்துபோகாமல் இருக்க எல்லோரும் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். நான்கு வரிசை, வரிசைக்கு எட்டுக் கல். கல்லுக்கு முன்னால் ஒரு மணைப் பலகை. அதில் குந்திக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தட்டு என்று அவர்களுக்கே தெரியாது.

தெற்கு வரிசைதான் எல்லோருக்கும் ஆசை. அங்கேதான் ஜன்னல் இருந்தது. உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று வரும். வறுக்கிற புகை அந்தப் பக்கம் நிற்காது. ரொம்ப நாளாக வேலை செய்கிறவர்களுக்குத்தான் அந்த வரிசையில் கல் கிடைக்கும். அம்மாவுக்கு மூன்றாம் கல். ஒன்பது வருஷம் காத்திருந்து வாங்கிய இடம்.

என் நோட்டில் வலது மணிக்கட்டு என்று எழுதியிருந்த பேர்களை ஒருநாள் தனியாக எடுத்தேன். பதினொரு பேர். அதில் ஆறு பேர் தெற்கு வரிசை. அந்த வரிசையில் அந்தக் கணக்கில் வராதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இடதுகைக்காரி, அவள் இடது மணிக்கட்டுக்கு வந்திருந்தாள். இன்னொருத்தி அம்மா.

அதற்குப் பிறகு அம்மாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். சோற்றுப் பானையை விரல்களால் பிடிக்காமல் இரண்டு முன்னங்கையாலும் அணைத்து இறக்கினாள். ரசத்தை இடது கையால் ஊற்றினாள். துணியைப் பிழியச் சொல்லி என்னிடம் நீட்டினாள். "கை வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னா வலி? வேலையப் பாரு," என்றாள்.

நான் வேலையைத்தான் பார்த்தேன். சனிக்கிழமை மத்தியானம் கொட்டகையைக் கழுவிவிடுவார்கள். அம்மாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோனபோது வாசலில் நின்று தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். எல்லாத் தண்ணீரும் தெற்குப் பக்கம் ஓடியது. சாக்கடை அங்கே. வருஷக் கணக்காகத் தண்ணீர் தேங்கித் தேங்கித் தெற்கு வரிசைக் கற்கள் தரைக்குள் இறங்கிப் போயிருந்தன. மற்ற வரிசைகளில் கல் மணைக்கு மேலே நான்கு விரல் உயரம் நின்றது. தெற்கில் மணையும் கல்லும் ஒரே மட்டம். அப்படியானால் கட்டை இறங்கும்போது கை கீழ்நோக்கி மடங்கித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் மணையில் உட்கார்ந்து புளியங்கொட்டையை வைத்துத் தட்டிப் பார்த்தேன். செங்கல்மேல் வைத்து முந்நூறு தட்டு. மறுநாள் செங்கல்லை எடுத்துவிட்டுத் தரையில் வைத்து முந்நூறு தட்டு. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் சுண்டுவிரல் பக்கம் ஒரு நரம்பு சுருக்கென்றது. அந்த வலி எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்திலிருந்து தேவநாதன் சார் வந்தார். அறுபத்தேழாம் வருஷம். தேர்தல் முடிந்து சுவர்களில் சின்னங்கள் இன்னும் அழியவில்லை. உடம்பால் வேலை செய்கிறவர்களுக்குக் கை, கால், மூட்டு கெடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஆராய்கிற ஒரு சிறிய நிலையத்தில் அவர் வேலை பார்த்தார். முப்பது வயதிருக்கும். கையில் அளவு நாடா, ஒரு கடிகாரம், தோல் பையில் ஒரு பித்தளைக் கருவி. அதை அமுக்கினால் முள் ஏறும். கைக்கு எவ்வளவு பலம் என்று காட்டும்.

நான் தூக்கோடு வாசலில் நின்றிருந்தேன்.

"எலெக்‌ஷன்தான் முடிஞ்சிபோச்சே, இன்னும் என்னா எழுதிக்கினு இருக்காங்க?" என்றாள் வடக்கு வரிசை மாரியம்மாள். அந்தக் கொட்டகையிலேயே பெரிய உடம்பு அவளுக்கு. குரலும் அப்படித்தான்.

மேஸ்திரி கலியமூர்த்தி சாருக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சாரு மெட்ராஸ் வரைக்கும் எழுதுறவரு," என்றார்.

சார் குனிந்த தலையோடு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். "கை, தோள், கழுத்து, எங்கயாவது வலி இருக்கா?"

"இல்ல சார்."

"உங்களுக்கு?"

"நல்லாருக்கேன் சார்."

அதற்கு முந்தின வாரம்தான் என் செங்கல்மேல் கையை வைத்து அழுதவள் அவள்.

"வலிதான? எங்க வூட்டுக்காரரு பேசுனா காது வலிக்கும்," என்றாள் மாரியம்மாள். "அத எழுதிக்கிறீங்களா சார்?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "காது எங்க கணக்குல இல்லம்மா," என்றார்.

பிறகு பித்தளைக் கருவி. முள் ஜாஸ்தி ஏறினால் நல்ல மார்க், குறைந்தால் வேலை போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். புகைக்காக எல்லோரும் முந்தானையை மூக்குவரை சுற்றியிருந்தார்கள். எல்லாக் கையும் சாம்பல். சாருக்குப் பெண்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சம். முள்ளை மட்டும் பார்த்தார். கூப்பிட்ட பேர் தெற்கு வரிசையாக இருந்தால், நெருக்கியடித்து நின்ற கூட்டத்துக்குள்ளிருந்து மாரியம்மாளின் கை நீண்டது. "சௌந்தரம்" என்று அம்மா பேரைக் கூப்பிட்டபோதும் அந்தக் கைதான் வந்தது. நான் பார்த்தேன். அம்மா நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் சார் மேஸ்திரியிடம், "ஆச்சரியமா இருக்குங்க. இங்க எல்லாருக்கும் நல்ல பலம். உக்கார்ற மணை, கல்லு உசரம் எல்லாத்தையும் மாத்திப் பாக்க ஒரு திட்டம் வெச்சிருந்தோம். இங்க அது தேவைப்படாது. வேற கொட்டகை பாக்குறேன்," என்றார்.

"அதான் நான் மொதல்லயே சொன்னனே," என்றார் மேஸ்திரி.

சார் போனதும் மேஸ்திரி வரிசையாக முறங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மாவின் முறத்தில் கையை விட்டுக் கிளறினார். பாதிக்குப் பாதி உடைந்த பருப்பு.

"என்னா சௌந்தரம், ஒன் மொறத்துல உடைசல்தான் ஜாஸ்தியா இருக்குது? பதினஞ்சு நாள் பாப்பேன். கொறயலன்னா கல்ல விட்டு எறங்கிடு. காத்துக்கினு எத்தினி பேரு நிக்கிறாங்க தெரியுமில்ல?"

அம்மா தலையை ஆட்டினாள். கட்டையை எடுத்து அடுத்த கொட்டையைத் தட்டினாள். அதுவும் உடைந்துதான் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். சார் தேடியது முழுக்க என்னிடம் இருந்தது. ஆனால் அதில் பேர்கள் இருந்தன. என்னை நம்பிச் சொன்ன பேர்கள். மேஸ்திரி கண்ணில் பட்டால் பதினொரு பேரும் வெளியே. நோட்டைக் கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது. மூன்று மத்தியானம் உட்கார்ந்து, பேர்களை எல்லாம் விட்டுவிட்டுப் புது நோட்டில் எழுதினேன். பேருக்குப் பதில் வரிசையும் கல் எண்ணும் போட்டேன். கொட்டகையைப் படம் வரைந்து, தண்ணீர் ஓடுகிற பக்கத்துக்கு அம்புக்குறி போட்டேன்.

பக்கத்து வீட்டு ஜொஹரா பீவி பரங்கிப்பேட்டையில் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தார். மாசம் ஒருமுறை ரயிலேறிப் போவார். அவரிடம் போய் நின்றேன்.

"என்னா கொளஞ்சி, வாயத் தொறக்காம நிக்கிற? யாருக்கு சுளுக்கு?"

"சிதம்பரம் வரைக்கும் போவணும் பாட்டிம்மா. நீங்க கூட வரீங்களா?"

"நான் பேட்டையில எறங்கிடுவேனே."

"அதுக்கப்புறம் கிள்ள, சிதம்பரம், ரெண்டு ஸ்டேஷன்தான். அது வரைக்கும் தைரியமா இருந்துடுவேன்."

ஜொஹரா பீவி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அல்லாவே. பேசிட்டாளே! ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எனக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

சிதம்பரத்தில் தெற்கு வீதியில் ஒரு மாடியில் இருந்தது அந்த நிலையம். தேவநாதன் சார் ஒரு தையற்காரரின் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து அளந்துகொண்டிருந்தார். என்னை அவருக்கு ஞாபகமில்லை. நான் நோட்டை மேஜைமேல் வைத்தேன்.

முதலில் நின்றபடியே புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது யாரு எழுதினது?"

"நாந்தான்."

"வலியே இல்லன்னு எல்லாரும் சொன்னாங்களேம்மா?"

"மேஸ்திரி பக்கத்துல நின்னாரே சார்."

"சரி, கைப் பலம்? அதக் கருவிதான காட்டுச்சு?"

நான் மாரியம்மாளின் கையைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் தாளை எடுத்துப் பார்த்தார். எட்டுப் பேருக்கு நேராகவும் முப்பத்திரண்டு. நெற்றியில் தட்டிக்கொண்டார். "அப்பவே உறுத்துச்சு. கருவிதான் சிக்கிக்கிச்சுன்னு நெனச்சு எண்ணெ போட்டேன்."

பிறகு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். யாரும் என்னை இவ்வளவு கேட்டதில்லை. தெற்கு வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் வயதானவர்கள் என்கிறாய். அப்படியானால் அது வயதால் வந்த வலியாக இருக்கலாம் அல்லவா என்றார். நானும் அதை யோசித்திருந்தேன். கொட்டகையிலும் எல்லோரும் வயசு வலி என்றுதான் சொல்வார்கள். நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தெற்கு ஐந்தாம் கல்காரி தன் மகளின் பிரசவம் பார்க்கப் போனபோது, கல்யாணமாகி வந்த ஒரு பெண் அந்த இடத்தில் இரண்டு மாசம் உட்கார்ந்தாள். வயது பத்தொன்பது. ஏழாம் வாரம் வலது மணிக்கட்டோடு என்னிடம் வந்தாள். பழைய இடத்துக்குத் திரும்பிப் போன பிறகு வரவில்லை.

சார் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தி போதாது. ஆனா இந்த ஒருத்திய நான் தேடியிருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்," என்றார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "என் கால் பட்டதால சரியாவுதா சார்?"

"எனக்குத் தெரியாது. நீ என்ன நெனக்கிற?"

இடது கால், வலது கால் விஷயத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. உடனே, "உன்னப் பாத்து சிரிக்கலம்மா. இத நான் செஞ்சிருக்கணும்," என்றார்.

சிரிப்பு நின்றதும் நோட்டில் விரலை வைத்து, "பேர் இல்ல, சரி. கல் எண் இருக்கே? தெற்கு மூணுன்னா யாருன்னு மேஸ்திரிக்குத் தெரியாதா?" என்றார்.

மூன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதியும் இது எனக்குத் தோன்றவில்லை. தெற்கு மூன்று அம்மா. கையை நீட்டி நோட்டை இழுத்துக்கொண்டேன்.

அவர் விட்டுவிட்டார். "நீயே வெச்சுக்க. எனக்கு வரிசைக்கு எத்தன பேருன்னு மட்டும் சொல்லு, போதும். ஆனா நெஜமான கையோட அளவு வேணும். நான் மறுபடி வந்தா மறுபடி மாரியம்மா கைதான் வரும்."

"எங்க கொல்லைக்கு அவுங்கவுங்க கைதான் சார் வரும்."

"நான் அங்க வரலாமா?"

"நீங்க வந்தா அவுங்க வர மாட்டாங்க."

சார் தோல் பையைத் திறந்து, பித்தளைக் கருவியை எடுத்து என் கையில் வைத்தார். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளை வரும்வரை அமுக்கிப் பார்த்தபடியே வந்தேன். என் கைக்கு முள் இருபத்திரண்டில் நின்றது.

அடுத்த நாள் காலை வந்த பெண்ணிடம், மிதிப்பதற்கு முன்னால் கருவியைக் கொடுத்தேன். "சிதம்பரத்து சாரோடது. பேரு அங்க போவாது. எந்த வரிசைன்னு மட்டும்தான் போவும். வேணாம்னா வேணாம்," என்றேன். அவள் யோசித்துவிட்டு அமுக்கினாள். பன்னிரண்டு. இரண்டு நாளில் செய்தி பரவியது. மாரியம்மாள் சுளுக்கே இல்லாமல் வந்து நின்றாள். "எட்டு பேருக்கு அமுக்குனேன், எனக்கே தோளு பிடிச்சிக்கிச்சுடி கொளஞ்சி. அதயும் எழுதிக்க," என்றாள்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துபோனது. ஜொஹரா பீவியால் எதையும் மறைக்க முடியாது.

"சிதம்பரம் போனியா?"

"ம்."

"என்னா சொன்ன? என் கை கெட்டுப்போச்சுன்னா?"

"ஒம் பேரச் சொல்லல."

"ஒம்போது வருஷம் பொகையில குந்தி அந்த எடத்த வாங்கினேன். நீ படம் போட்டுக் காமிச்சா அத எடுத்துட்டு என்னத் தூக்கி வடக்குல போடுவாங்க. இல்ல, வூட்டுக்கே அனுப்புவாங்க. என் கல்லப் புடுங்கத்தான் நீ காலால பொறந்தியா?"

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காலை கஞ்சிப் பானையை இறக்கும்போது அவள் கை விட்டுவிட்டது. கஞ்சி அடுப்பில் கொட்டிப் புகைந்தது. அம்மா பானை ஓடுகளைப் பொறுக்கவில்லை. நேராகக் கொல்லைக்கு வந்தாள். இரண்டு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி வந்து செங்கல் முன்னால் உட்கார்ந்து, "கொண்டா அத," என்றாள்.

அமுக்கினாள். பல்லைக் கடித்து இன்னொருமுறை அமுக்கினாள். முள் ஏழில் நின்றது. இடது கையில் கொடுத்தேன். பத்தொன்பது.

அம்மா முள்ளையே பார்த்தாள். "என் பேருல அவ அமுக்குனது எவ்ளோ?"

"முப்பத்திரெண்டு."

"அடிப்பாவி. கொஞ்சம் கொறச்சி அமுக்கக் கூடாதா," என்றாள். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையைச் செங்கல்மேல் வைத்தாள். "பேரு போட்டே எழுதிக்க. சௌந்தரம், தெக்கு மூணாங்கல்லு, ஏழு. பதினஞ்சு நாள்ல எப்பிடியும் என்ன எறக்கிடத்தான் போறான்."

அன்றே சாருக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். வடக்கு வரிசை, சராசரி இருபத்தாறு. தெற்கு வரிசை, பதினொன்று. கீழே அம்மாவின் பேர் மட்டும்.

நான்கு நாள் கழித்து, நான் கொல்லைக் கதவைத் திறந்தபோது மேஸ்திரி கலியமூர்த்தி நின்றிருந்தார். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்திருந்தார். நடை ஒரு பக்கம் கோணியிருந்தது.

"வறுக்குற டிரம்மத் தூக்குனேன். பிடிச்சிக்கிச்சு. சட்டுனு மிதிச்சி வுடு. யாராச்சும் வந்துடப் போறாங்க," என்று சொல்லிக் குப்புறப் படுத்தார்.

அவர் இடுப்பில் காலை வைத்தேன். கிணற்று ராட்டினத்தைப் பார்த்தேன்.

மற்றவர்களைப் போலவே அவரும் பேச ஆரம்பித்தார். "அந்த சிதம்பரத்து ஆளு மொதலாளிக்கே லெட்டர் போட்டுட்டான். வெள்ளிக்கெழம வரானாம். தெக்கு வரிசயில கல்லுக்கு அடியில செங்கல் வெக்கணுமாம். எவனோ வெளியூர்க்காரனுக்கு என் கொட்டாயில எந்தக் கல்லு எப்பிடி இருக்குதுன்னு எப்பிடித் தெரியும்?"

நான் "ம்" என்று சொல்லியிருக்கலாம். அதுதான் என் வழக்கம்.

"சனிக்கெழம கழுவுற தண்ணி அங்கதான மாமா தேங்குது? கல்லு எறங்கிப்போச்சு. கை மடங்கி அடிக்கிறாங்க. அதான் மணிக்கட்டு போவுது, அதான் பருப்பு ஒடையுது," என்றேன்.

அவர் முதுகு என் காலுக்கடியில் விறைத்தது. "மிதிக்கிறவ பேசுறா," என்றார் தரையைப் பார்த்தபடி. "ஒடசலு அதனாலயா?"

"வடக்குல புதுசா வந்தவங்க மொறத்தவிட தெக்குல பழையவங்க மொறத்துல உடைசல் ஜாஸ்தியா கெடக்கே மாமா. நீங்கதான தெனமும் கெளறிப் பாக்குறீங்க?"

அவர் எழுந்து துண்டை மறுபடி தலையில் போட்டுக்கொண்டார். "மூணு நாள் மூட்ட தூக்கக் கூடாது மாமா," என்றேன்.

"நான் வந்தத எழுதிடாத," என்றார்.

"வரிச மட்டும்தான் எழுதுவேன்."

"எனக்கு ஏது வரிச?" என்று சொல்லிவிட்டுக் கோணிக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை சார் வந்து நாடா பிடித்து அளந்தார். கற்களைப் பெயர்த்து அடியில் செங்கல் வைத்தார்கள். சில கற்களுக்கு ஒன்று, சிலவற்றுக்கு இரண்டு. அம்மாவின் கல் மற்றதைவிட ஆழம், அதற்கு இரண்டரை வைத்துச் சிமெண்ட் பூசினார்கள். மேஸ்திரி இரண்டு கையையும் இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். "ஒரு மாசம். ஒடசலு கொறயலன்னா செங்கல்லும் வெளிய, குந்தியிருக்குறவங்களும் வெளிய," என்றார். அம்மா மூன்று நாள் தட்டாமல் தோலுரிக்கிற இடத்தில் உட்கார்ந்தாள். நான்காம் நாள் தன் கல்லுக்குத் திரும்பினாள். முதல் நாள் கல் உயரமாக இருக்கிறது, யாரோ வீட்டு மணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று திட்டினாள். அந்த வாரம் உடைசல் கூடத்தான் செய்தது. நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

மாசம் முடிந்த அன்று தூக்கோடு போய் வாசலில் நின்றேன். மேஸ்திரி வடக்கிலிருந்து ஒவ்வொரு முறமாகக் கிளறிக்கொண்டு வந்தார். தெற்கு முதல் கல். இரண்டாம் கல். அம்மாவின் முறத்தில் கையை விட்டார். வெள்ளை வெள்ளையாக முழுப்பருப்பு மேலே வந்தது. இன்னொருமுறை அடிவரை கையை விட்டார். நான்காம் கல்லுக்குப் போனார். அம்மா தலையை நிமிர்த்தாமல் அடுத்த கொட்டையை எடுத்து வைத்தாள்.

கருவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவை ஒருமுறை அமுக்கச் சொன்னேன். வலது கை, ஏழாக இருந்தது பதினொன்று. இன்னும் போதாது. இடது கை, பத்தொன்பதாக இருந்தது இருபத்தொன்று.

இடது கைக்கு நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. அது ஏன் ஏறியது? மறுபடி அமுக்கச் சொன்னேன். இருபத்தொன்றுதான். அம்மா கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். நான் தகரத்தைத் திறந்து, நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, மேலே "இடது கை" என்று எழுதினேன்.